இருபத்தோரு மணி நேரம்

நீ அனுப்பிய டிக்கெட் நேற்று என் போனுக்கு வந்தது. வியாழக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு டொராண்டோவில் ஏறுகிறாய். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்குச் சென்னையில் இறங்குகிறாய். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். பிறகு நகரிக்குப் போய் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்சடித்து வாங்கி வந்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கல்யாண மாப்பிள்ளை வருகிற டிக்கெட் ஆயிற்றே, ஒட்டாமல் இருப்பேனா? ஆனால் ஒட்டியதிலிருந்து அந்தச் சுவர்ப்பக்கம் என்னால் தலை திருப்ப முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்துவிட்டேன். நீ "துன்னியா நைனா?" என்று கேட்கிறாய். நான் "துன்ட்டேன்டா" என்கிறேன். அங்கே குளிரா என்று கேட்கிறேன். அத்தோடு போனை வைத்துவிடுகிறேன். வாய் செய்யாததைக் கை செய்யட்டும் என்று பழைய லாங் சைஸ் நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் கட்டாயம் படித்துவிடு. படித்துவிட்டு ஏறு.

போன மாதம் கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பெயர் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாயே, அதுதான் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. "மாமா பேரு வேணாம் நைனா. அவரு மண்டபத்துக்கு வந்தா நானு பட்டம் கட்டிக்க மாட்டேன். வேற யாரையாச்சும் வெச்சி கட்டச் சொல்லு" என்றாய். திருப்பதியில் மண்டபம் பிடித்தாயிற்று, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. மாப்பிள்ளை நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். தாய்மாமன் உயிரோடு, கல்லு மாதிரி, நாலு வீடு தள்ளி இருக்கும்போது வேறு ஒருத்தனைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னால் ஊர் என்ன கேட்கும் என்பது இருக்கட்டும். நாளைக்கு மேலே போனதும் உன் அம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ அவ்வளவு சொல்லியும் நான் "சரிடா, பாக்கலாம்" என்று போனை வைத்தேன். நாலு வருஷமாக நான் செய்துகொண்டிருக்கிற திருட்டுத்தனம் அதுதான்.

எங்கே ஆரம்பிப்பது? என் கையில் கட்டின வாச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கன்ட்ரோலர் கூண்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று உனக்குத் தெரியும். ஒரு பஸ் இன்ன ஊரை எத்தனை மணிக்கு விட்டது, இங்கே எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவேன். வந்த நேரத்தில் விட்ட நேரத்தைக் கழித்தால் ரன்னிங் டைம். நாலு நிமிஷம் கூடினால் போதும், டிரைவரைக் கூண்டுக்கு வரவழைத்து நடுவழியில் எங்கே டீ குடித்தாய் என்று கேட்பேன். கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். "ஏமய்யா கன்ட்ரோலரு, மீ வாச்சிக்கி தேவுடு கூடா பயபடதாடு" என்பார்கள். என் வாச்சிக்கு வெங்கடாசலபதியே பயப்படுவாராம். அதை நான் கேலி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. பட்டம் கொடுத்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பத்தாவது முடித்த உன்னை இன்டர் படிக்கத் திருப்பதி ஹாஸ்டலில் உன் அம்மா சேர்க்கப் போன நாள் நினைவிருக்கிறதா? ஏழு நாற்பது பஸ். நீ டிரங்குப் பெட்டியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மா உனக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனாள். ஏழு நாற்பது ஆயிற்று. நான் விசில் கொடுத்தேன். அவள் பாட்டிலோடு ஓடி வருகிறாள். கண்டக்டர் என்னைப் பார்க்கிறான். நீ ஜன்னலில் தலையை விட்டு "அம்மா, அம்மா" என்று கத்துகிறாய். நான் கையை ஆட்டி, போ என்றேன். பஸ் போய்விட்டது. நீ திருப்பதியில் இறங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாயாம். அடுத்த பஸ்ஸில் அவள் வந்து சேர்கிறவரை அங்கிருந்து நகரவில்லையாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நானு கட்டிகினது மனுசனையா, செவுத்து கடியாரத்தையா? எங்கப்பன் நல்லா வெசாரிச்சுதான் குட்த்தாரு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பொண்டாட்டிக்குக்கூட இரண்டு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தாதவன் என்று கூண்டில் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் என்று இப்போது தெரிகிறது.

நீ கனடாவுக்குப் போனாய். சென்னையிலிருந்து டொராண்டோ பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று நீதான் சொன்னாய். புத்தூருக்கும் திருப்பதிக்கும் முப்பத்தைந்து கிலோமீட்டரை நாளெல்லாம் எழுதினவனுக்கு அந்த எண் மண்டையில் ஏறவே இல்லை. ஆனால் நேரம் ஏறும் என்று நினைத்தேன். முதல் முறை நீ லீவில் வந்து திரும்பினபோது உன் டிக்கெட் இரண்டையும் வாங்கி, பாக்கெட் டைரியில் எழுதி வைத்தேன். சென்னையில் விடியற்காலை ஐந்தரைக்கு ஏறி, அதே நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு டொராண்டோவில் இறங்குகிறாய். அப்படியானால் போக பதினொன்றரை மணி. அங்கே திங்கட்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு ஏறி, இங்கே புதன்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு இறங்குகிறாய். வர முப்பதரை மணி. அடியில் கோடு போட்டுக் கையெழுத்துகூட வைத்தேன். பழக்கதோஷம்.

உன் அம்மா அதை எட்டிப் பார்த்தாள். "அதே வழிதானே? போறதுக்கு கம்மி, வரதுக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். படிக்காதவள் கேட்ட கேள்வி. பதில் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "திருமலைக்கி ஏற ஒரு ரோடு, எறங்க ஒரு ரோடு. ரெண்டும் ஒரே நேரமா ஆவுது? அது மாதிரிதான். காத்து கீது, நடுவுல நிக்கறது கீது" என்று அடித்து விட்டேன். அவள் டைரியை மூடிவிட்டு, "அதான் உம் புள்ள போறப்போ சல்லுனு எறங்கிட்றான், வரதுக்கு மட்டும் ரெண்டு வருசம் ஏறிகினே கீறான்" என்றாள். அன்றைக்கு அந்தப் பேச்சுக்கு இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம்.

அங்கே இரவு என்றால் இங்கே பகல் என்பது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஒன்பதரை மணி பின்னால் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய். உன் அம்மா விரல் மடக்கி எண்ணிவிட்டு, "இப்ப பண்ணாத, புள்ள தூங்கும்" என்று என் கையிலிருந்து போனைப் பிடுங்குவாள். போன் போடும்போது அந்த ஒன்பதரை மணி ஞாபகம் வரும். டிக்கெட்டைப் பார்த்தபோது மட்டும் வரவில்லை. பஸ் எந்த ஊரில் கிளம்பினாலும் எந்த ஊரில் நின்றாலும் கடிகாரம் ஒன்றுதானே என்று என் கையும் மூளையும் அத்தனை வருஷம் பழகியிருந்தன. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஆடி மாத வியாழக்கிழமைக்கு வருகிறேன். விடியற்காலை ஐந்தரை மணி. அடுப்பு பற்ற வைக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். ஆறு மணிக்கு உனக்குப் போன் போட்டேன். போடுவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கிடத்தின கூடத்திலேயே, அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பாக்கெட் டைரியை எடுத்துப் பார்த்தேன். இவன் கிளம்பி ஏர்போர்ட் போக இரண்டரை மணி நேரம். விமானம் முப்பதரை மணி. இறங்கி வெளியே வர ஒரு மணி, அங்கிருந்து நம் ஊருக்கு மூன்று மணி. கூட்டினால் மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி. விளக்கு வைத்த பிறகு எடுக்க மாட்டார்கள். அதற்கு அப்புறம் சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாகப் போகாது என்று நம் பக்கம் ஒரு பயம். சனிக்கிழமை எடுக்க ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆக நீ வர முடியாது. அழுவதற்கு முன்னால் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

"உங்கம்மா நம்மள உட்டுட்டு பூட்டாடா" என்றேன். நீ ஒரு சத்தம் போட்டாய், அது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் சொன்னாய்: "இப்பவே கெளம்பறேன் நைனா. பத்தே முக்காலுக்கு ஒரு ஃப்ளைட் கீது. வெச்சிருங்க. எடுத்துடாதீங்க."

"நீ வர நாளிக்கு ராத்திரி ஏழு ஆயிடும்டா. வந்து பிரயோஜனம் இல்ல. இன்னிக்கே எடுத்துட்றோம்."

"இருபத்தோரு மணி நேரம்தான் நைனா, நானு காலையிலயே..."

"டைமு கணக்கு எனுக்கே சொல்லித் தரியா நீ?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நீ சொல்ல வந்ததை முடிக்கவிடவில்லை. ஆகாயத்தில் பறக்கிற நேரத்தை மட்டும் சொல்கிறான், நடுவில் இறங்கி ஏறுகிற நேரத்தை விட்டுவிட்டான், அழுகையில் இருக்கிறான் பாவம் என்று நினைத்தேன். பாவம் என்று உன்னை நினைத்தேன் பார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ இதுவரை அறியமாட்டாய். காலை ஒன்பது மணிக்கு உன் மாமா முனிரத்தினம் நகரியிலிருந்து ஃப்ரீசர் பெட்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அக்கா போனாள் என்று தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம் அதுதான். பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, புள்ள வரட்டும் மாமா. நாளிக்கி மத்தியானம் வரைக்கும் வெச்சிருப்போம். வந்தா பாக்கட்டும். வராட்டி பொழுதோட எடுத்துடலாம், சனிக்கெழமைக்கு போவாது" என்றான். எவ்வளவு நியாயமான பேச்சு! நான் அவன்மேல் பாய்ந்தேன். "வரமாட்டான்னு நானு சொல்றேன் இல்ல? வராதவனுக்காக அவள ஐஸ்ல போட்டு வெறைக்க வெக்கறியா?" என்றேன். பதினொரு மணிக்கு மறுபடி கேட்டான். மத்தியானம் மூன்றாம் முறை, எல்லோருக்கும் எதிரில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டான். கையை உதறினேன். பெட்டியைத் திரும்பி ஏற்றச் சொன்னேன். வேன்காரன் ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனான். நாலு மணிக்கு எடுத்தோம். நீ வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். நீ விமானத்தில் இருந்தாய்.

மறுநாள் காலை பால் தெளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாமா கையில் பால் சொம்பு. வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நீ இறங்கினாய். முதுகில் ஒரு பை, காலில் வீட்டுச் செருப்பு. நான் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாச்சியைப் பார்த்தேன். ஒன்பது பத்து. இந்தப் பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாயைப் பார்க்கப் பதின்மூவாயிரம் கிலோமீட்டர் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்க்காமல், வாச்சியைப் பார்த்தேன்.

"எங்க அம்மா?" என்றாய். மாமா கையிலிருந்த பால் சொம்பைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாய்: "ஒரு நாளு வெச்சிருக்க முடியலயா நைனா?"

என் கணக்கு தப்பாகிவிட்டதடா என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நீ என்னை அடித்திருந்தால்கூட அது நல்லதாக இருந்திருக்கும். சுற்றிலும் சொந்தக்காரர்கள். கன்ட்ரோலருக்கு டைம் தப்பாது என்று ஊர் முழுக்கப் பெயர். பயமும் வெட்கமும் சேர்ந்து என் நாக்கைத் திருப்பிவிட்டன. "உங்க மாமாதான்... சனிக்கெழம வந்துடும், சனிக்கெழம வந்துடும்னு அவசரப்பட்டான். போன்ல நானு சொன்னதுகூட அவன் சொல்லித்தான். நானு இன்னா பண்றது?" என்றேன்.

நீ அவன் பக்கம் திரும்பினாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றில் இறங்கி நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன். "உனுக்கு அப்டி இன்னா மாமா அவசரம்?" என்று கேட்டாய். அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு நடந்துட்ச்சி கண்ணு. மன்னிச்சிடு" என்றான். அன்றிலிருந்து நீ அவனோடு பேசவில்லை.

காரியம் முடிந்து நீ திரும்பிப் போன மறுநாள் அந்த டைரியை எடுத்தேன். இருபத்தோரு மணி என்று நீ சொன்னது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. அப்போதுதான் பஸ்காரன் புத்தி வேலை செய்தது. போக பதினொன்றரை, வர முப்பதரை. இரண்டையும் கூட்டினால் நாற்பத்திரண்டு. பாதி போட்டால் இருபத்தொன்று. ஒரு பக்கம் ஒன்பதரை மணியைத் தின்றிருக்கிறது, மறுபக்கம் அதைக் கக்கியிருக்கிறது. ஆறாங்கிளாஸ் பையன் போடுகிற கணக்கு. அவள் எட்டிப் பார்த்து ஏன் என்று கேட்டாளே, அன்றைக்கே உட்கார்ந்து போட்டிருந்தால் அவள் முகத்தை நீ பார்த்திருப்பாய். டைரியை அடுப்பில் போட்டேன். எரிந்தால் தீருமா?

இந்த நாலு வருஷத்தில் ஒவ்வொரு திதிக்கும் முனிரத்தினம்தான் வாழை இலையிலிருந்து எல்லாம் கொண்டுவருவான். நீ வீடியோவில் கூப்பிடுகிற நேரம் அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் "மோட்டாரு ஓடிகினு கீது" என்று எழுந்து போய்விடுவான். நீ "அந்தாளு வந்தாரா?" என்று கேட்பாய். நான் பேச்சை மாற்றுவேன். அவன் வேர்க்கடலைக் கொல்லையில் நின்றுகொண்டிருப்பான், மோட்டார் ஒன்றும் ஓடாது. ஒருமுறை நீ வைத்தபிறகு திரும்பி வந்து, "எளச்சிருக்கானா மாமா?" என்று கேட்டான். அதற்குமட்டும் பதில் சொன்னேன்.

நீ பட்டம் கட்டிக்கொள்ள மாட்டேன் என்ற மறுநாள் அவன் கொல்லைக்குப் போனேன். கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து கேட்டேன், நாலு வருஷமாகக் கேட்காததை.

"மச்சான், அன்னிக்கி நீ ஏன் வாய தொறக்கல?"

அவன் செடியை உதறிக்கொண்டே சொன்னான்: "எம்மேல கோவம்னா எனுக்கு போன் பண்ண மாட்டான், அவ்ளோதானே? உம்மேல கோவம்னா அவன் இந்த ஊருக்கே வரமாட்டான் மாமா. அம்மாவும் இல்ல, அப்பனும் இல்லன்னா புள்ள எங்க வருவான்?"

நான் அங்கேயே அழுதேன். வெயிலில், ஆள்கள் பார்க்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அவன் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "உடு மாமா. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். நானு பின்னால பந்தில பரிமாறிகினு இருக்கறேன், எவனும் பாக்க மாட்டான்" என்றான். தாய்மாமன் பந்தியில் ஒளிந்துகொண்டு பரிமாறுகிறானாம்! அப்போதுதான் முடிவு செய்தேன், இதை உன்னிடம் சொல்லியே தீருவது என்று.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனாலும் என் காயத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள். வீட்டுக்கு வரப்போகிற பெண் உனக்குத் தெரிந்ததாக நீ நினைக்கிற ஒன்றைப் பற்றி "ஏன் அப்படி?" என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லாதே. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல். அதனால் யாருக்கும் மீசை உதிராது. அவள் அழுதுகொண்டு சொன்னாலும், கோபத்தில் சொன்னாலும், சொல்லி முடிக்கிறவரை போனை வைக்காதே. அவளுக்காக இரண்டு நிமிஷம் பஸ் நின்றால் நிற்கட்டும். டிரைவர் திட்டுவான், திட்டட்டும். நான் இத்தனை வருஷம் சரியான நேரத்துக்கு அனுப்பின பஸ்ஸெல்லாம் இன்றைக்கு எங்கே ஓடுகிறதோ, எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகமில்லை. பாட்டிலோடு ஓடி வந்த உன் அம்மாதான் ஞாபகமிருக்கிறாள்.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. தாய்மாமன் பெயர் இருக்கிற இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அதை நான் நிரப்பமாட்டேன், நீதான் நிரப்ப வேண்டும். என்மேல் கோபப்படு, அது உன் உரிமை. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படு. அவன்மேல் நாலு வருஷம் நீ வைத்திருந்த கோபம், முழுதும் எனக்குச் சேர வேண்டியது. ஒரே ஒரு வேண்டுகோள், ஊருக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதே. அதற்குப் பயந்துதான் அவன் இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அதை வீணாக்கிவிடாதே.

சனிக்கிழமை விடியற்காலை சென்னை ஏர்போர்ட்டுக்கு இரண்டு பேரும் வருகிறோம். அவன் வர மறுத்தான். "என்னப் பாத்துட்டு மூஞ்ச திருப்பிகினா நானு தாங்க மாட்டேன் மாமா" என்றான். லெட்டர் போயிருக்கும், வா என்று சொல்லியிருக்கிறேன். வெளியே வருகிற வாசலில், கம்பிக்கு இந்தப் பக்கம் முதல் ஆளாக அவன் நிற்பான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், உனக்குச் சட்டென்று தெரியும். நான் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, தூண் பக்கம் இருப்பேன். நீ முதலில் அவனிடம் போ. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருங்கள். பேசி முடித்த பிறகு உனக்குத் தோன்றினால் என் பக்கம் வா. அன்றைக்கு நீ பறந்து வந்த இருபத்தோரு மணி நேரம் உன் அம்மாவை உனக்காக வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. நான் அங்கேயே நிற்கிறேன், வாச்சி கட்டிக்கொண்டு வரமாட்டேன்.

உன் நைனா